இடது பக்கம் முன்பு, வலது பக்கம் இப்போது

தாம்பரம்
2 ஜூன் 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு,

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ நினைக்கலாம். உனக்குப் போன் செய்தால் சாம் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். மெசேஜ் அனுப்பினால் கடைக்கு வந்து நிற்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறான். கிறிஸ்துமஸ் அன்று நாம் இருவரும் பேசிச் சண்டை போட்டதை அவன் கடையில் வேலை பார்க்கிற சலீம் பாயிடம் சொல்லி, சலீம் பாய் வருத்தப்பட்டு என்னிடமே சொன்னார். அதனால்தான் கூரியர், அதுவும் பக்கத்து வீட்டு உமா மகேஸ்வரி விலாசத்துக்கு. கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாமல் கடைசிவரை வாசி.

புளியறையில் நின்றிருந்த லாரியில் அவன் பைக் மோதி, வருகிற ஆகஸ்டோடு இரண்டு வருடம். தலையின் முன்பக்கத்தில் அடி. உயிர் பிழைத்தான், கை காலுக்கு ஒன்றும் இல்லை, கர்த்தருக்கு நன்றி. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவன் என் தம்பி இல்லை. ஒரு ஆணியைக்கூட எண்ணி வைக்கிறவன் கடைச் சாமானை வருகிறவர் போகிறவருக்குச் சும்மா கொடுக்கிறான். யாரிடமும் குரல் உயர்த்தாதவன் பஸ் ஸ்டாண்டில் நின்று கத்துகிறான். இது அவன் தப்பு இல்லை. மூளையில் அந்த இடம்தான் குணத்துக்குக் கடிவாளம் போடுகிற இடம்.

இங்கே ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆறு மாதம் உள்ளே வைத்து மருந்தும் பயிற்சியும் கொடுக்கிறார்கள். ஜூலை கடைசியில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு உன் சம்மதக் கையெழுத்து வேண்டும். அதோடு, அவன் குணம் முன்பு எப்படி, இப்போது எப்படி என்று அவனை நன்றாக அறிந்த இரண்டு பேர் தனித்தனியாகப் படிவம் நிரப்பித் தர வேண்டும். ஒன்று நான், இன்னொன்று நீ.

குணத்தை அளக்கிற இந்த முறையை நான் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க நடத்துவேன். உனக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதரைப் பற்றிச் சொல்ல ஒரு மொழியில் என்னென்ன சொற்கள் உண்டோ அத்தனையையும் அகராதியிலிருந்து திரட்டினார்கள். எது எதோடு சேர்ந்து வருகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். நேரத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் பொருளையும் ஒழுங்காக வைக்கிறார், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர் பெரும்பாலும் கூட்டத்தையும் விரும்புகிறார். இப்படிக் குவித்துக்கொண்டே போனதில் ஐந்து பெரிய குணங்களில் வந்து நின்றது. கலகலப்பு, இணக்கம், ஒழுங்கு, மனக்கலக்கம், புதியதில் நாட்டம். ஐந்தும் எல்லோரிடமும் உண்டு, அளவுதான் வேறு. அந்த அளவைப் பிடிக்கத்தான் இத்தனை கேள்வி.

ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கட்டம் இருக்கிறது. இடது பக்கம் முன்பு, வலது பக்கம் இப்போது. கொஞ்சமும் பொருந்தாது என்றால் ஒன்று, முழுக்கப் பொருந்தும் என்றால் ஐந்து. ரொம்ப யோசிக்காதே. யாரிடமும் கேட்காதே, சாமுக்குக் காட்டவே காட்டாதே.

எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் புஷ்பம்? என் தம்பி எனக்குத் திரும்ப வேண்டும்.

பெர்சிஸ்

*

தென்காசி
11 ஜூன் 2025

அன்புள்ள மதினிக்கு,

படிவம் கிடைத்தது. நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். உமா வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து நிரப்பினேன். தாமதம் ஆனதற்கு மன்னிக்க வேண்டும், உட்கார நேரம் கிடைக்கவில்லை.

சில கேள்விகள் புரியவில்லை. 'கூட்டத்தில் உற்சாகமாக இருப்பார்' என்று இருக்கிறது. எந்தக் கூட்டம்? கல்யாண வீடா, சபையா, சுரண்டை பஸ்ஸா? நானே கல்யாண வீடு என்று வைத்துக்கொண்டேன். 'மற்றவர்மேல் அக்கறை உள்ளவர்' என்று இருக்கிறது. மற்றவர் என்பதில் நான் உண்டா? உண்டு என்று வைத்துக்கொண்டு நிரப்பினேன். ஒரே கேள்வியை மேலே ஒரு தடவை நேராகவும் கீழே ஒரு தடவை தலைகீழாகவும் கேட்டிருக்கிறீர்கள். என்னைச் சோதித்துப் பார்க்கிறீர்களோ என்று நினைத்தேன்.

கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். சலீம் பாய் மட்டும் இல்லையென்றால் எப்போதோ பூட்டியிருப்போம். போன வாரம் ஒருவர் தண்ணீர்க் குழாய் வாங்க வந்தார். உங்கள் தம்பி எடுத்துக் கொடுத்துவிட்டு, "இது ஒரு வருஷம் தாங்காது அண்ணாச்சி, எதுத்த கடையில நல்லது இருக்கு, அங்கன போய் வாங்குங்க" என்றார். அந்த ஆள் போயேவிட்டார். சலீம் பாய் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, பில் போட வேறு ஆள் நின்றதால் இரண்டையும் விட்டுவிட்டேன்.

சாரல் இறங்கிவிட்டது. தினமும் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுகிறார். தினமும் முடியாது என்றால் கேட்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் போய் வருகிறோம்.

பியூலாவுக்குப் பத்தாம் வகுப்பு தொடங்கிவிட்டது.

கையெழுத்து கேட்டிருக்கிறீர்கள். யோசித்துச் சொல்லுகிறேன்.

புஷ்பம்

*

தாம்பரம்
19 ஜூன் 2025

புஷ்பம்,

படிவம் வந்தது. ஆனால் நீ கட்டங்களை மாற்றி நிரப்பியிருக்கிறாய். அவசரத்தில் செய்திருப்பாய், பரவாயில்லை. வேறொரு படிவம் வைத்திருக்கிறேன். திரும்பச் செய்து அனுப்பு.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். 'பிறர் மனம் நோகாமல் நடப்பார்' என்பதற்கு முன்பு இரண்டு, இப்போது மூன்று என்று போட்டிருக்கிறாய். 'மன்னிக்கும் சுபாவம் உள்ளவர்', முன்பு ஒன்று, இப்போது ஐந்து. 'மனம்விட்டுப் பேசுவார்', முன்பு ஒன்று, இப்போது ஐந்து. 'மற்றவர்மேல் அக்கறை' என்பதற்கு முன்பு ஒன்று! ஒழுங்கு சம்பந்தமான கேள்விகளில் மட்டும் சரியாக இருக்கிறது, முன்பு எல்லாம் ஐந்து, இப்போது எல்லாம் ஒன்று. பாதிப் படிவத்தில் கவனம் சிதறியிருக்கிறது என்று இதிலிருந்தே தெரிகிறது.

என் படிவத்தில் இணக்கம் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் முன்பு என்ற பக்கத்தில் நான்கும் ஐந்தும்தான். ஒரே ஆளை நன்றாக அறிந்த இரண்டு பேர் மதிப்பிட்டால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இப்படி ஒன்றுக்கொன்று எதிராக வருவது அபூர்வம். இதை அப்படியே மையத்தில் கொடுத்தால் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நேர் கேள்வியும் தலைகீழ்க் கேள்வியும் உன்னைச் சோதிக்க அல்ல. எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அவர்களுக்காக வைத்தது.

இன்னொன்று. இந்த நிலையில் அவனை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போகிறாயே, உனக்கே இது நியாயமாகப் படுகிறதா? பாறையில் வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? சலீம் பாய் சொன்னார், அங்கே முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துவிடுகிறானாம். கேட்கவே கூசுகிறது. நம் சாமா இது? அப்பா ஒருநாள் கையை ஓங்கி வந்தபோதுகூட எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை அவன்.

இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடு.

பெர்சிஸ்

*

தென்காசி
27 ஜூன் 2025

அன்புள்ள மதினிக்கு,

மாற்றி நிரப்பவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நிரப்பினேன். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படிவம் அப்படியே இருக்கிறது. அதில் எழுத எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

இதை எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை. நேரில் என்றால் வாயே வராது.

பியூலா நாலாம் வகுப்பு படித்த வருடம் சுரண்டையிலிருந்து என் அண்ணன் குடும்பம் வந்தது. நல்ல சீசன். எல்லோருமாக வேன் வைத்துப் பழைய குற்றாலம் போனோம். கடைக்குச் சொல்லி அனுப்பாமல் போனேன், செய்த குற்றம் அவ்வளவுதான். ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனை நன்றாக விசாரித்தார், பிள்ளைகளுக்கு அல்வா வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அவர்கள் போன பிறகு என்னோடு பேச்சை நிறுத்தினார். அந்த வருடம் சீசன் முடிந்து அருவி வற்றும்வரை பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பியூலாவிடம் சொல்லுவார். "அம்மாட்ட கொழம்புல உப்பு கூடன்னு சொல்லு." நான் அங்கேயே தட்டு வைத்துக்கொண்டு நிற்பேன். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்து, "எம்மா, உப்பு கூடவாம்" என்று சொல்லும்.

அது ஒரு தடவை நடந்தது என்றால் நான் எழுதமாட்டேன். கல்யாணமான முதல் வருடத்திலிருந்து அப்படித்தான். ஒரு வருடம் லெந்து காலத்து நாற்பது நாளும் பேசவில்லை. அதற்குக் காரணம் என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சபையில் போதகர் என்னிடம், "உங்க வீட்டுக்காரர் மௌனமா உபவாசம் இருக்காராமே, நல்ல சாட்சிம்மா" என்றார். ஆமாம் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குடித்தாரா, இல்லை. கை நீட்டினாரா, இல்லை. யாரிடம் போய் என்னவென்று சொல்ல? என் வீட்டுக்காரர் சத்தம் போட மாட்டேன் என்கிறார் என்று புகார் சொன்னால் ஊர் சிரிக்கும். எங்கள் அம்மாவிடம் ஒரு தடவை சொன்னேன். "ஏட்டி, வாய் பேசாத மாப்பிள்ளை கெடச்சதுக்கு அழுதியா, கொழுப்புட்டி ஒனக்கு" என்றாள். இங்கே இப்படிப்பட்டவரை அழுத்தக்காரர் என்று ஒரே வார்த்தையில் சொல்லுவோம். உங்கள் ஐந்தில் அதை எதில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் போட்ட நான்கும் ஐந்தும் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும் மதினி. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்த கையோடு போன் செய்வீர்கள். "சாம் எப்படி இருக்கான்?" என்பீர்கள். "அவுகளுக்கு என்ன மதினி, தங்கம்லா, வீட்ல ஒரு சத்தம் கெடையாது" என்பேன். வீட்டுக்காரருடைய அக்காவிடம் வேறு என்ன சொல்ல முடியும்? அவர் பேசாமல் இருந்த நாட்களில்தான் அதை இன்னும் அழுத்திச் சொன்னேன், பக்கத்து அறையில் அவர் காதிலும் விழட்டும் என்று. அவற்றையெல்லாம் சேர்த்துத்தான் நீங்கள் இடது பக்கத்தை நிரப்பியிருக்கிறீர்கள். இப்படி நல்ல பேருக்காகப் பதில் சொல்லுகிறவர்களைக் கண்டுபிடிக்க உங்கள் படிப்பில் வழி ஒன்றும் இல்லையா?

இப்போது இருக்கிறவர் லேசானவர் என்று நான் சொல்லவில்லை. கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். குழந்தையைப் பார்க்கிறதுபோல எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். ஆனால் காலையில் வந்த கோபம் டீ ஆறுவதற்குள் போய்விடுகிறது. அடுக்களை வரைக்கும் பின்னாலேயே வந்து, "என்னட்டி, கோவமா? பேசுட்டி" என்கிறார். குற்றாலத்தில் பெண்கள் பக்கம் நான் குளித்துவிட்டு வரும்போது, கூட்டத்துக்கு நடுவில் நின்று, "ஏட்டி புஷ்பம், தலைய நல்லா தொவட்டு" என்று கத்துகிறார். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது.

முன்பு இருந்தவரைத் திரும்பக் கொண்டுவரத்தான் அந்த மையம் என்றால், நான் கையெழுத்து போட மாட்டேன்.

புஷ்பம்

*

தாம்பரம்
3 ஜூலை 2025

புஷ்பம்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு, இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்து, இதை எழுதுகிறேன்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவனைக் கேட்டிருக்க மாட்டேனா? சொல்லாமல் மூடி வைத்துவிட்டு, இப்போது அவனால் தன் பக்கத்தைச் சொல்ல முடியாதபோது எடுத்து வைக்கிறாய். மறுத்துப் பேச அந்தப் பழைய சாம் இல்லை.

எங்கள் வீட்டில் அப்பா போட்ட சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்கும். அவர் வருகிற சத்தம் கேட்டாலே நான் சாமை இழுத்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய் நிற்பேன். வாயில் விரல் வைத்துக் காட்டுவேன். அழக்கூட மாட்டான். அந்தப் பிள்ளை வளர்ந்து பேசாமல் இருந்தது அவனுக்குத் தெரிந்த ஒரே மரியாதை. அதை நீ கொடுமை என்கிறாய்.

நோயாளியோடு இருப்பது உனக்கு வசதியாக இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சொன்னால் கேட்கிறான், பின்னாலேயே வருகிறான், கடை உன் கையில். கடுமையாக எழுதுகிறேன் என்று தெரியும். இரண்டு வருடமாக எனக்கும் தூக்கம் இல்லை, விடைத்தாள் திருத்தும்போது அவன் முகம்தான் வருகிறது.

பதினைந்தாம் தேதிக்குள் கையெழுத்து வராவிட்டால் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவன் எப்படி ஆனாலும் அதற்கு நீதான் பொறுப்பு.

பெர்சிஸ்

*

தென்காசி
9 ஜூலை 2025

மதினி அவர்களுக்கு,

வசதி என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரத்தைச் சொல்லுகிறேன்.

வெள்ளிக்கிழமை கடையில் பெயின்ட் கலர் விஷயமாக ஒருவரோடு வாக்குவாதம். அந்த ஆள் போய்விட்டார். ஸ்கூல் விட்டு வந்த பியூலா, "ஏன்ப்பா கத்துதிய, எல்லாரும் பாக்காவ" என்று கையைப் பிடித்தாள். அவர் பெயின்ட் டப்பாவைத் தூக்கி எறிந்தார். அவளைப் பார்த்து எறியவில்லை. ஆனால் அவள் மணிக்கட்டில் பட்டது. எலும்பில் கீறல், கட்டு போட்டிருக்கிறது. வலது கை. கட்டைப் பார்த்ததும் அவர் தரையில் உட்கார்ந்து அழுத அழுகையை யாரும் பார்க்கக் கூடாது. ஆனாலும் அவளைச் சுரண்டையில் என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். அங்கிருந்து பஸ்ஸில் ஸ்கூலுக்கு வருகிறாள். நான் பெற்ற பிள்ளையை இந்த வீட்டில் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இதுதான் என் வசதி.

ஞாயிறு மத்தியானம் அவரைச் சமாதானப்படுத்த ஐந்தருவிக்குப் போனோம். தண்ணீர் திடீரென்று கூடியது, போலீஸ் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். இவர் வர மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆண்கள் பக்கம் நான் எப்படிப் போக? வெளியே நின்று கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. யாரோ இரண்டு பேர் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, நேந்திரங்காய் சிப்ஸ் கடைப் படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன் போல. மயக்கம் என்று நினைத்து ஒரு பெண் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கண்ணைத் திறந்தால் இவர் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சுற்றிக் கூட்டம்.

உங்கள் தம்பி சின்ன வயதில் பீரோவுக்குப் பின்னால் நின்றதை நினைத்தால் எனக்கும் வருத்தமாக இருக்கிறது. அதை அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி இருந்திருப்பேன்.

நேற்று உங்கள் கையெழுத்துப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போட்டுவிட்டால் ஆறு மாதம் தூங்கலாம் என்றுதான் நினைத்தேன். பேனாவை எடுத்தேன். அப்புறம் அந்த உப்பு ஞாபகம் வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

இதற்கு மேல் எழுதத் தெம்பு இல்லை.

புஷ்பம்

*

தாம்பரம்
15 ஜூலை 2025

அன்புள்ள புஷ்பம்,

பியூலாவின் கை எப்படி இருக்கிறது? எழுத முடிகிறதா?

வசதி என்று நான் எழுதியிருக்கக் கூடாது. அதை எடுத்துவிடு.

உன் கடிதம் வந்த அன்று என் படிவத்தைத் திரும்ப எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்வியிலும் இடது பக்கத்தில் நான் போட்ட எண்ணுக்கு, நானே என் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தை நினைக்க முயன்றேன். ஒழுங்குக்கு வந்தது. பிள்ளையாக இருந்தபோது நடந்தவை வந்தன. அவன் கல்யாணத்துக்குப் பிறகு நடந்ததாக எனக்கு வந்ததெல்லாம் உன் குரல்தான். ஞாயிற்றுக்கிழமைக் குரல். 'தெரியாது' என்று போட அந்தப் படிவத்தில் இடம் இல்லை. படிவம் தமிழில் வந்தபோது அதைச் சரிபார்த்த குழுவில் நானும் இருந்தேன்.

கண்டுபிடிக்க வழி இல்லையா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. நல்ல பெயருக்காகச் சொல்லப்படும் பதில்களை எப்படிப் பிரித்து அறிவது என்பதுதான் நான் முனைவர் பட்டம் வாங்கிய ஆராய்ச்சி. 'நான் ஒருநாளும் யார்மேலும் கோபப்பட்டதில்லை' என்பதுபோல யாராலும் முழுக்க ஆமாம் சொல்ல முடியாத கேள்விகளை நடுவில் வைப்போம். அதற்கும் ஒருவர் ஆமாம் சொன்னால் அவருடைய மற்ற பதில்களையும் சந்தேகப்பட வேண்டும். 'வீட்டில் ஒரு சத்தம் கிடையாது' என்று பதினைந்து வருடம் நீ சொன்னாய். ஒரு வீட்டில் எப்படி ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தம் இல்லாத வீடு என்றால் எனக்கு அவ்வளவு ஆசை.

மையத்துக்குப் போய்ப் பேசினேன். கோபத்தை மட்டும் தனியாகப் பிடிக்க முடியுமா, பேச்சை விட்டுவிட்டு, என்று கேட்டேன். என் வயதில் ஒரு பேராசிரியர் கேட்கிற கேள்வியா என்பதுபோல அந்த டாக்டர் பார்த்தார். மருந்து அப்படிப் பார்த்துப் பார்த்து வேலை செய்யாது, கொஞ்சம் மந்தம் எல்லாவற்றிலும் வரும் என்றார். வீட்டிலேயே வைத்துப் பயிற்சி கொடுக்கவும் வழி உண்டு, கோபம் கிளம்பும் அடையாளங்களைப் பார்த்து முன்கூட்டியே ஆளை நகர்த்துவது, நாளை ஒரே ஒழுங்கில் ஓட்டுவது. ஆனால் அதற்கு வீட்டில் இன்னொரு ஆள் முழுநேரமும் வேண்டும், மனைவி ஒருத்தியால் ஆகாது என்றார்.

இடத்தை இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரியா தப்பா எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டு வெளியே வந்து, ஆட்டோ கிடைக்காமல் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன்.

நீ அனுப்பிய கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்து வாசித்தேன், பிறகு என்னுடையவற்றையும் நினைத்துப் பார்த்தேன். எல்லாக் கேள்வியும் சாமைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை போனிலும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். அதனால் இப்போது ஒன்றைக் கேட்கிறேன். ஒன்று முதல் ஐந்து எல்லாம் வேண்டாம், சும்மா எழுது.

நீ எப்படி இருக்கிறாய்?

பெர்சிஸ்

*

தென்காசி
20 ஜூலை 2025

அன்புள்ள மதினிக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எடுத்தேன். கை தானாக அதைத்தான் எழுதுகிறது.

பியூலாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. இடது கையால் கோணல் மாணலாக எழுதுகிறாள். வீட்டுக்கு வருகிறேன் என்கிறாள். இன்னும் கூப்பிடவில்லை.

உமா வீட்டுக்குப் போக இன்று முடியவில்லை, அதனால் இதை எங்கள் வீட்டு மேசையில் வைத்தே எழுதுகிறேன். உங்கள் தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாருக்கு எழுதுத?"

"ஒங்க அக்காவுக்கு."

"என்னயப் பத்தியா?"

"இல்ல. என்னயப் பத்தி."

தாளை எட்டிப் பார்த்தார். பிறகு, "நீ தூங்கவே மாட்டுக்கன்னு எழுது. ஒக்காந்துக்கிட்டே தூங்குதன்னு எழுது. எக்கா திட்டுவா, அப்பத்தான் கேப்ப" என்றார். எழுந்து போய்விட்டார். அடுக்களையில் ஏதோ உருண்டது, பிறகு "ஒண்ணும் ஒடயல!" என்று குரல் வந்தது.

இத்தனை வருடத்தில் நான் தூங்குவதில்லை என்று பார்த்துச் சொன்ன முதல் ஆள் அவர். காலையில் சட்னி பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டவரும் அவர்தான். அக்கறை என்ற அந்தக் கேள்விக்கு இப்போது என்ன எண் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை மதினி.

நீங்கள் கேட்டதற்குப் பதில். நான் நன்றாக இல்லை. உடம்பில் ஒரு நோயும் இல்லை, ஆனால் காலையில் எழுந்திருக்கும்போதே சாயங்காலம் போல இருக்கிறது. முன்பும் நன்றாக இல்லை. அப்போது சொல்ல ஆள் இல்லை, இப்போது சொல்ல நேரம் இல்லை. கையெழுத்து போட்டிருக்கலாமோ என்று தினமும் ஒரு தடவை நினைக்கிறேன். நினைத்ததற்காக அழுகிறேன். பிறகு கடையைத் திறக்கப் போகிறேன்.

இதை வாசித்துவிட்டு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். கேட்டீர்களே என்று சொன்னேன்.

புஷ்பம்

*

தாம்பரம்
24 ஜூலை 2025

புஷ்பம்,

ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, சேர்ந்து கிடக்கிற விடுப்பு முழுவதையும் எடுத்துவிட்டேன். நான் நல்ல துணை என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பொறுமை குறைவு, முழங்கால் வலி உண்டு, சமையல் சுமார். கோபம் வந்தால் பேச்சை நிறுத்துகிற பழக்கம் எனக்கும் இருக்கிறது, உன் கடிதத்துக்கு இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேனே. அப்படிச் செய்தால் சாம் விடமாட்டான் என்று நினைக்கிறேன்.

கடையை நீ பார். வீட்டையும் சாமையும் நான் பார்க்கிறேன். அருவிக்கும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன், ஆண்கள் பக்கம் சலீம் பாய் வரட்டும். இரண்டு வாரம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுப் பியூலாவைக் கூப்பிடுவோம்.

வருகிற வியாழக்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் தென்காசியில் இறங்கிவிடுவேன். நீ ஸ்டேஷனுக்கு வராதே. ஆட்டோ பிடித்து வரத் தெரியும். கதவைத் தட்டினால் சாம் திறப்பான், அவன் போடுகிற சத்தத்தில் தெருவே எழுந்துவிடும்.

நீ எழுந்திருக்காதே. தூங்கு.

பெர்சிஸ்